மருதமரத்தடியில் சொட்டிய ஒயில்

பக்கக் கண்ணாடியில் நான் முதலில் கண்டது பாலைத்தான். விழுந்த ஆளைப் பிறகுதான் கண்டேன்.

பூவரசங்குளம் சந்தியில், மருதமரத்தடியில் வழக்கம்போலப் பத்து நிமிடம் நின்றுவிட்டு பஸ்ஸை எடுத்திருந்தேன். ஒரு பதினைந்து மீற்றர் தூரம்கூடப் போயிருக்காது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த ஊருக்கு அன்று விடியத்தான் முதல் மழை பெய்து விட்டிருந்தது. தார் கறுத்து மினுங்கியது. மண் மணம் பஸ்ஸுக்குள்ளும் வந்தது. அப்போது பின்னால் தகரம் ரோட்டில் அடிபட்டு உருளும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். ஊருக்குள்ளிருந்து வரும் ஒழுங்கைப் பாதை பெருந்தெருவில் ஏறும் இடத்தில் வெள்ளையாக ஏதோ பரவிக்கொண்டிருந்தது.

பிறேக்கை மிதித்தேன். கொண்டக்டர் மரியதாஸ் மிதிபலகையிலிருந்து குதித்து ஓடினான். நானும் இறங்கி ஓடினேன்.

விழுந்து கிடந்தவள் செல்வமலர். முப்பது வயதிருக்கும். சந்திக்கு உள்ளே இருக்கும் ஊர்களில் வீடு வீடாகப் போய்ப் பால் எடுத்து, ஸ்கூட்டியின் இரண்டு பக்கமும் அலுமினியக் கேன்களைக் கொழுவிக்கொண்டு பால் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவள். அவளுடைய ஹோர்ன் சத்தத்தைக் கேட்டுத்தான் அந்தப் பக்கத்தில் பல வீடுகளில் அவசர அவசரமாகக் கறந்து முடிப்பார்கள்.

அவள் எழும்பிக் குந்தியிருந்தாள். வலது கையால் இடது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்திருந்தாள். கை வளையக்கூடாத இடத்தில் வளைந்திருந்தது. அழவில்லை. பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையை ஆட்டாதை பிள்ளை," என்றான் மரியதாஸ்.

"பால் பூராவும் போயிருச்சுண்ணே," என்றாள் அவள்.

நான் அவளுக்குக் கிட்டப் போகும்போது என் செருப்பு சறுக்கியது. குனிந்து பார்த்தேன். பாலின் மேலே நீலமும் ஊதாவும் பச்சையுமாக ஒரு மெல்லிய ஆடை மிதந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே கறுப்பு. இரண்டு நிமிடத்துக்கு முன்பு என் பஸ்ஸின் எஞ்சினுக்கு நேர் கீழே இருந்த இடத்தில்தான் நான் நின்றேன்.

அது என் எஞ்சின் ஒயில்தான் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். பிறகு விசாரித்து அறிந்துகொண்டேன் என்று யாரும் நினைக்கக்கூடாது.

அட்டையை வாசிப்பது

என் பஸ்ஸின் வயது எனக்குச் சரியாகத் தெரியாது. போர் முடிந்து செட்டிகுளத்து அகதி முகாமிலிருந்து வெளியே வந்து, இரண்டு வருடம் மற்றவர்களின் லொறி ஓடி, பிறகு தெற்கிலிருந்து வாங்கி வந்த பஸ். என் கைக்கு வரும்போதே அது இரண்டு தரம் நிறம் மாறியிருந்தது. எஞ்சின் இருப்பது, பஸ் ஓட்டும் றைவருக்கு இடப்பக்கம், ஒரு தகரப் பெட்டிக்குள். பெட்டிக்கு மேலே மெத்தை. மழைக்காலத்தில் அந்தச் சூட்டுக்காகவே அதில் இருக்கப் போட்டி நடக்கும். வெயில் காலத்தில் ஒருவரும் கிட்ட வரமாட்டார்கள்.

பழைய டீசல் எஞ்சின் ஒயில் சொட்டும். சொட்டாவிட்டால்தான் பயப்பட வேண்டும், உள்ளே ஒயில் முடிந்துவிட்டது என்று றைவர்மார் நாங்கள் பகிடி விடுவோம்.

பின்னேரம் செட்டிகுளத்தில் என் வீட்டு வளவுக்குள் பஸ்ஸை விட்டதும் எஞ்சினுக்குக் கீழே ஒரு கடதாசி அட்டையைப் போடுவேன். காலையில் அதை இழுத்தெடுத்து, பத்திரிகை பார்ப்பதுபோலப் பார்ப்பேன். கறுப்பாக, மெல்லியதாக விரிந்திருந்தால் எஞ்சின் ஒயில். தேன் நிறத்தில் தடிப்பாக, மணம் மூக்கில் ஏறினால் கியர்பொக்ஸ் ஒயில். முன்பக்கம் பொட்டு விழுந்திருந்தால் ஒரு மாதம் பார்க்கலாம். நடுவில் விழுந்திருந்தால் எஞ்சினின் அடித்தொட்டியில் நட்டுகள் இளகியிருக்கும்; ஸ்பானர் சாவி போட்டு அரைச் சுற்று இறுக்கலாம். ஆத்திரத்தில் ஒரு சுற்று இறுக்கினால் இடையில் இருக்கும் பக்கிங் பிதுங்கி, இருந்ததைவிட மோசமாகும். அந்தப் பாடத்தை நான் இரண்டு தரம் படித்தேன்.

பின்பக்கம், எஞ்சினும் கிளச்சும் சேரும் இடத்தில் விழுந்தால்தான் கரைச்சல். அங்கே ஒயில் கசியாமல் தடுக்கும் 'சீல்' என்ற வளையத்தை மாற்றுவதென்றால் கியர்பொக்ஸை இறக்க வேண்டும். ஒரு கிழமையாவது பஸ் நிற்கும்.

எனக்கு விழுந்தது அங்கேதான்.

ஆகவே நான் செய்தது, ஒரு பெரிய பால்மாத் தகர ரின்னைக் குறுக்கே வெட்டி, நாலு பக்கமும் துளை போட்டு, கம்பியால் அந்த இடத்துக்கு நேர் கீழே கட்டித் தொங்கவிட்டதுதான். சொட்டுவதெல்லாம் அதற்குள் விழும். பின்னேரம் கழற்றி ஊற்றுவேன். ஊற்றி எடுக்கும் கழிவு ஒயிலை வேலிக் கட்டைகளுக்குப் பூசினால் கறையான் வராது. எங்கள் ஒழுங்கையில் என் ஒயில் பூசாத வேலி குறைவு. யாரும் கேட்டால் போத்தலில் கொடுத்து அனுப்புவேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

சேலையில் வடித்த ஒயில்

ஒயில் சொட்டுவதைப் பற்றி நான் எப்படி நினைக்கப் பழகினேன் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

போர் நடந்து, எரிபொருள் உள்ளே விடத் தடை இருந்த காலத்தில் வன்னிக்குள் பஸ் ஓடியவன் நான். மண்ணெண்ணெயில் ஓடினோம். புகை கண்ணை எரிக்கும். சனம் இருமிக்கொண்டே வரும். மண்ணெண்ணெயாவது எப்படியோ கிடைத்தது. எஞ்சின் ஒயில்தான் இல்லை.

பாவித்த ஒயிலைப் போத்தல்களில் ஊற்றி அடைய விடுவோம். நாலைந்து நாளில் கசடு கீழே போய்விடும். மேலே தெளிந்து நிற்பதை என் மனைவியின் பழைய நூல் சேலையில் வடித்து, திரும்பவும் எஞ்சினுக்குள் ஊற்றுவேன். கீழே ஒரு சொட்டும் விழ விடமாட்டேன். பஸ் நிற்கிற இடமெல்லாம் ஒரு சிரட்டையைக் கொண்டுபோய் எஞ்சினுக்குக் கீழே வைப்பேன். நடுச்சந்தியில், சனம் பார்த்துக்கொண்டிருக்க, குப்புறக் கிடந்து சிரட்டை வைத்திருக்கிறேன்.

அந்த பஸ்ஸை முள்ளிவாய்க்காலுக்குப் போகும் வழியில் விட்டுவிட்டு நடந்தோம். சாவி மட்டும் கனநாள் என் சட்டைப் பையில் இருந்தது. அதைப் பற்றி எழுத இன்னும் எனக்குக் கை வரவில்லை.

சொல்ல வந்தது இதுதான். அந்த வருடங்கள் என்னைப் பழக்கியது ஒரே யோசனைக்கு: சொட்டு விழுந்தால் எனக்கு நட்டம். விழுந்த சொட்டு பிறகு என்ன செய்யும், யாருக்குச் செய்யும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. வளவில் விழுந்தால் மண் குடித்துவிடும். ரோட்டில் விழுந்தால் ரோட்டோடு போய்விடும். அவ்வளவுதான்.

"நாளைக்குக் கட்டுவம்"

அந்த மழைக்கு இரண்டு கிழமைக்கு முன்பு, மதகு ஒன்றைத் திருத்துகிறார்கள் என்று எங்களைப் பக்கத்து மண்பாதையால் விட்டார்கள். கல்லும் குழியும் கிடங்குமான பாதை. ஏதோ கல்லில் அடிபட்டு ரின் பிய்ந்துபோய்விட்டது. மரியதாஸ்தான் பின்னேரம் குனிந்து பார்த்துச் சொன்னான்.

"அண்ணை, ரின் இல்லை."

"நாளைக்குக் கட்டுவம்," என்றேன்.

அடுத்த நாளும் அதையே சொன்னேன். டீசலுக்கு வரிசையில் நின்ற காலம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பஸ் ஓடுகிறதே என்ற சந்தோஷத்தில் மற்றதெல்லாம் பின்னுக்குப் போயிற்று. காலையில் குறைந்த அளவுக்கு ஒயிலை ஊற்றிவிட்டு பஸ்ஸை எடுப்பேன். வெயில் காலம். ரோட்டில் விழுவது காய்ந்து தாரோடு தாராகத் தெரியும்.

பத்து நிமிடத்தில் விழுவது கொஞ்சம்தான். ஆனால் நான் நிறுத்துகிற இடம் ஒவ்வொரு நாளும் ஒன்று. அந்த மருதமரத்தின் வேர் ஒன்று படிபோல உயர்ந்திருக்கும். வயசான பெண்கள் அதில் ஏறி நின்று மிதிபலகையில் கால் வைப்பார்கள். கதவு அந்த வேருக்கு நேரே வரும்படி, ஒரு சாண் முன்பின் இல்லாமல் நிறுத்துவேன். "நடேசு நிப்பாட்டினா வேருக்கு நேரதான் நிக்கும்" என்று சனம் சொல்லும். அப்படி இரண்டு கிழமையாக, ஒரே இடத்தில், ஒரு சாண் முன்பின் இல்லாமல் என் ஒயில் விழுந்திருக்கிறது.

வவுனியா வரைக்கும்

செல்வமலரை பஸ்ஸிலேயே ஏற்றினோம். முன் சீற்றில் இருந்தவர்கள் எழும்பி இடம் கொடுத்தார்கள். யாரோ ஒரு சால்வையால் கையைக் கழுத்தோடு கட்டிவிட்டார்கள். கேன்களையும் ஸ்கூட்டியையும் தேத்தண்ணிக் கடைக்காரர் ஓரமாக இழுத்து வைத்தார்.

அவளுடைய தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் வன்னியில்தான். மற்ற நேரங்களில் எங்களோடு கதைக்கும்போது 'ஓம்' என்பாள். தன் ஆட்களோடு 'ஆமா' என்பாள். அன்று வலியில் அவளுக்கு அவளுடைய வீட்டுத் தமிழ்தான் வந்தது.

"மன்னிச்சுக்கங்கண்ணே. பஸ்ஸெல்லாம் பால் வாடையாப் போச்சு."

"அதை விடு பிள்ளை," என்றேன்.

"மெதுவாத்தாண்ணே திரும்புனேன். நெதானமாத்தான் வந்தேன். என்னன்னே தெரியல, வண்டி அப்படியே படுத்துருச்சு."

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் ஒருவர், அடிக்கடி எங்கள் பஸ்ஸில் வருகிறவர்தான், எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "மழை நாளிலை உவ்வளவு பாரத்தையும் ஏத்திக்கொண்டு பொம்பிளையள் ஸ்கூட்டி ஓடினா உப்பிடித்தான்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒரு பெண், "ஓம், உதுகளுக்கு ஒரு நிதானம் வேணும்," என்றாள். செல்வமலர் தலையைக் குனிந்துகொண்டாள்.

அது என்ர ஒயில். மூன்று சொல்தான். நெளுக்குளம் தாண்டும்வரை அது என் தொண்டையில் நின்றது. வவுனியாவில் ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கும்போது, விழுங்கிவிட்டேன்.

ஒரு வாளி மணல்

மத்தியானம் திரும்பி வரும்போது சந்தியில் பஸ்ஸை நிறுத்தினேன். கட்டட வேலை நடந்த ஒரு வளவில் கேட்டு, ஒரு வாளி மணல் வாங்கிக்கொண்டு போய் அந்த இடத்தில் கொட்டினேன். காலால் பரப்பினேன். இன்னொரு வாளி கொட்டினேன்.

"இனி ஆரும் விழக்கூடாதெல்லே," என்று மரியதாஸிடம் சொன்னேன்.

அவன் மணலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஓம் அண்ணை," என்றான். பன்னிரண்டு வருடம் என்னோடு வேலை செய்கிறவன். அவனுக்குத் தெரியும். நான் சொல்வேன் என்று காத்திருந்தான் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

நான் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதி, அந்தக் கறுப்பு வட்டத்தை யாரும் காணக்கூடாது என்பது. அன்று பின்னேரமே புது ரின் வெட்டிக் கட்டினேன். இரண்டு கிழமையாக நேரமில்லாமல் இருந்த வேலை. கால் மணித்தியாலத்தில் முடிந்தது.

அந்தக் கிழமை முழுக்க பஸ்ஸில் அவளுடைய கதைதான். அவளுக்குப் பிறேக் பிடிக்கத் தெரியாது என்றார்கள். ரெலிபோன் கதைத்துக்கொண்டு வந்தாளாம் என்றார்கள். புருஷன்காரன் இடம் கொடுத்துவிட்டான் என்றார்கள். ஒவ்வொரு நாளும் புதிதாக ஒன்று சேர்ந்தது. நான் ஹோர்னை அழுத்திக்கொண்டு ஓடினேன்.

ஏழாம் நாள் அவளுடைய கணவன் கணேசன் பஸ்ஸில் ஏறினான். அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். இறங்கும்போது எனக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, நம்ம ஸ்கூட்டியக் குடுத்துரலாம்னு இருக்கேன். பஸ்ஸுல வர்ற யாராச்சும் வாங்கறதா இருந்தா சொல்லுங்க."

"ஏன் கணேசன்?"

"பயமா இருக்குண்ணே. கையோட போச்சு. அடுத்த தடவ தல போனா? சனமெல்லாம் சொல்லுது. அவளும் சொல்லிட்டா, எனக்கு ஓட்டத் தெரியல போல, வித்துருங்கன்னு. பால் எடுக்கிறதுக்கு வேற ஆள் பாக்கிறாங்களாம்."

தலையை ஆட்டினேன். அவன் நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பஸ் ஓடாது. மத்தியானம் சாப்பிட இருந்தேன். மனைவி கறிச்சட்டியை வைத்துவிட்டு எனக்கு முன்னால் இருந்தாள்.

"இஞ்சாருங்கோ. அந்தப் பால்காரப் பிள்ளை விழுந்தது நீங்கள் பஸ் நிப்பாட்டுற இடத்திலையோ?"

"ஓம்."

"அண்டைக்கு ரின் கட்டியிருந்ததோ?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். "இல்லை," என்றேன்.

அவள் கறிச்சட்டியை மூடினாள். எழும்பிப் போய்க் கொடியிலிருந்து என் சட்டையை எடுத்து வந்து கதிரையின் முதுகில் போட்டாள். "சாப்பிட்டிட்டு வெளிக்கிடுங்கோ," என்றாள்.

அவள் கேட்டது

மோட்டார் சைக்கிளில் போனேன். வீட்டுத்திட்டத்தில் கட்டிக்கொடுத்த சின்ன வீடு. முற்றத்தில் ஸ்கூட்டி ஒரு நீலத் தறப்பாளால் மூடிக் கிடந்தது. செல்வமலர் கிணற்றடியில் இருந்தாள். இடது கையில் கட்டு. பால் கேனை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாவிக்காத கேனை ஏன் கழுவுகிறாய் என்று நான் கேட்கவில்லை.

கணேசன் கதிரை கொண்டுவந்து போட்டான். ஸ்கூட்டி வாங்க ஆள் கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பான்.

நான் அதில் இருக்கவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். ரின் கழன்றது, கட்டாமல் விட்டது, இரண்டு கிழமை ஒரே இடத்தில் ஒயில் விழுந்தது, மழை பட்டதும் அது வழுக்கியது, விழுந்த அன்றே எனக்குத் தெரிந்தது. மணல் கொட்டியதையும் சொன்னேன்.

கிணற்றடியில் தேய்க்கும் சத்தம் நின்றுவிட்டது.

"அப்ப..." என்றாள் செல்வமலர். "நான் சரியாத்தான் திரும்புனேனாண்ணே?"

"ஓம் பிள்ளை. நீ சரியாத்தான் திரும்பினனி. அந்த இடத்திலை ஆர் வந்திருந்தாலும் விழுந்திருப்பினம். நான் நடந்து வரேக்கையே சறுக்கினது."

அவள் கேனைக் கீழே வைத்தாள். விழுந்த அன்று அழாதவள், ஆஸ்பத்திரி வாசலில் அழாதவள், அப்போது அழுதாள். கணேசன் அவளைப் பார்த்தான், தறப்பாளைப் பார்த்தான், பிறகு என்னிடம் திரும்பினான்.

"எட்டு நாளு. ஏண்ணே சொல்லல?"

"பயந்திட்டன்."

"எங்களுக்கா?" என்றான். "நாங்க என்னண்ணே செஞ்சிருப்போம் ஒங்கள?"

அவன் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவன் உண்மையிலேயே அறிய வேண்டும் என்றுதான் கேட்டான். அவர்கள் என்னை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அது தெரிந்ததால்தான் எட்டு நாள் பேசாமல் இருக்க முடிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து குளத்தடிக் காணிக்கு வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. எங்கள் ஆட்கள் மலையகத்திலிருந்து வந்த இவர்களை வயல் வேலைக்கு எவ்வளவு இளக்காரமாகக் கூப்பிடுவார்கள் என்று கேட்டு வளர்ந்தவன் நான். விழுந்தது எங்கள் பாடசாலை அதிபராக இருந்திருந்தால் நான் எட்டு நாள் எடுத்திருப்பேனா? இந்தக் கேள்வியை அன்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது நானே கேட்டுக்கொண்டேன்.

"நான் என்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ," என்றேன். ஸ்கூட்டியைத் திருத்தித் தருவதாகச் சொன்னேன்.

செல்வமலர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"அத விடுங்கண்ணே. பஸ்ஸுல சொல்லுங்க," என்றாள். "என்னயப் பத்திப் பேசுனது பஸ்ஸுலதானே. என் காதுல விழுந்துச்சு. அங்க சொல்லுங்க."

பத்து நிமிடம்

திங்கட்கிழமை காலை, மருதமரத்தடியில் எஞ்சினை நிறுத்தினேன். நான் அங்கே எஞ்சினை நிறுத்துவதே இல்லை. சத்தம் நின்றதும் சனம் கதையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. பஸ் பழுதாகிவிட்டது என்று நினைத்தார்கள்.

இருக்கையிலிருந்து எழும்பித் திரும்பி நின்றேன். ஒரு நாற்பது பேர் இருப்பார்கள். முப்பது வருடமாகச் சனத்துக்கு முதுகைக் காட்டி ஓடியவன். முகத்தைக் காட்டிப் பேசினது அன்றுதான்.

"பால்காரப் பிள்ளை இந்த இடத்திலை விழுந்தது என்ர பஸ்ஸின்ர ஒயிலாலை. பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை. எனக்கு அண்டைக்கே தெரியும். நான் சொல்லேல்லை. நீங்கள் கதைச்சதை எல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தனான்."

சொல்லிவிட்டு இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று 'உப்பிடித்தான்' என்று சொன்னவர் சன்னலுக்கு வெளியே எதையோ தேடிக்கொண்டிருந்தார். நிதானம் வேணும் என்ற பெண் மடியில் இருந்த பையின் வாரை இழுத்து இழுத்து விட்டாள். பால் நிலையத்தில் வேலை செய்யும் ஒருவர் பின் சீற்றில் இருந்தார். அவர் மட்டும் எழும்பி, "இப்ப சொட்டுறது நிண்டிட்டுதோ?" என்று கேட்டார்.

"இல்லை. ரின்னுக்கை விழுது."

"அப்ப ஒயில் சீலை மாத்துங்கோ நடேசண்ணை," என்றார். நியாயமான பேச்சு.

முன்னால் இருந்த ஒரு வயசான அம்மா, "சரி தம்பி, சொன்னது நல்லது. இப்ப எடும். எனக்குக் கிளினிக்குக்குப் பிந்துது," என்றார். பத்து நிமிடம் முடிய இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் எடுத்தேன்.

மூச்சுக் குழாய்

அடுத்த கிழமை பஸ்ஸை வவுனியாவில் ரஞ்சனின் கராஜில் விட்டேன். சீல் தேடி எடுக்கவே நாலு நாள் போயிற்று. உதிரிப்பாகம் ஒழுங்காக வராத காலம். பஸ் இல்லாமல் பாடசாலைப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் அலைந்தார்கள். எனக்குக் கிடைத்த பேச்சுக் கொஞ்சமல்ல. அவர்களிலும் பிழையில்லை.

கியர்பொக்ஸை இறக்கிவிட்டு ரஞ்சன் என்னைக் கூப்பிட்டான். கையில் ஒரு வளைந்த குழாய். எஞ்சினின் உள்ளே சேரும் காற்றை வெளியே விடுகிற குழாய் அது. உள்ளே கறுப்பாகக் களி அடைத்திருந்தது.

"அண்ணை, உங்கட எஞ்சினுக்கு மூச்சு விட வழியில்லை. உள்ளுக்கை காத்து முட்டி, கிடைச்ச இடத்தாலை ஒயிலைத் தள்ளியிருக்கு. சீல் தேஞ்சதுதான். ஆனா இது அடைபடாமல் இருந்திருந்தா உவ்வளவு வந்திருக்காது."

"உதைக் கழட்டிக் கழுவ எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

"டீசலிலை ஊறப் போட்டா அரை மணித்தியாலம். நீங்களே செய்திருப்பியள்."

கராஜ் வாசலில் ஒரு பழைய ரயரின் மேல் போய் இருந்தேன். அட்டையைப் பார்த்து எந்தச் சொட்டு எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தெரிந்தவன் நான். ஏன் வருகிறது என்று ஒரு நாளும் மேலே பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கீழே பாத்திரம் வைப்பதுதான். அதையும் ஒழுங்காக வைக்கவில்லை.

இதை வாசிக்கும் றைவர்மார் யாரும் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழாயைக் கழற்றிப் பாருங்கள்.

கட்டு வெட்டிய பிறகு

செல்வமலரின் வேலையை அவளுக்கே வைத்திருப்பதாகப் பால் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் கணேசன் ஆலைக்குப் போக முதல், சைக்கிளில் கேன்களைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனான். எந்த வீட்டு மாடு கன்று போட்டது, எந்த வீட்டில் பாலைப் பார்த்து எடுக்க வேண்டும் என்று அவள் காலையில் சொல்லி அனுப்புவாளாம். எதிரே வரும்போது எனக்குத் தலை ஆட்டுவான். சிரிக்கமாட்டான். அது சரிதான் என்று நானும் தலை ஆட்டிவிட்டுப் போவேன்.

ஸ்கூட்டியின் உடைந்த கண்ணாடியையும் பிறேக் பிடியையும் ரஞ்சன் மாற்றிக் கொடுத்தான்.

அவளுடைய கைக்கட்டு வெட்டி இரண்டு கிழமை கழித்து ஒரு காலை. மாரி தொடங்கி விட்டிருந்தது. தூறல். சந்தியில் பஸ்களை நேரம் பார்த்து அனுப்புகிறவர் என்னை எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டார். கியரைப் போடும்போது மரியதாஸ் மிதிபலகையிலிருந்து, "அண்ணை, பொறுங்கோ. பிள்ளை வருது," என்றான்.

ஒழுங்கை வாசலில் செல்வமலர் ஸ்கூட்டியை நிறுத்தியிருந்தாள். கணேசன் பின்னால் இருந்தான், மடியில் ஒரு கேனை அணைத்துப் பிடித்தபடி. மற்றது பக்கத்தில் தொங்கியது. அவளுடைய இடது கை பிடியில் இருந்தது, ஆனால் விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. பஸ் போகட்டும் என்று காத்திருந்தாள். அந்த ரோட்டில் சின்ன வாகனங்கள் எல்லாம் அப்படித்தான். பஸ்ஸுக்கு வழி விட்டு நிற்கும்.

நான் போட்ட கியரைக் கழற்றிவிட்டு, சன்னலால் வலது கையை வெளியே நீட்டி, முன்னால் போகச் சொல்லிக் காட்டினேன்.

அவள் அசையவில்லை. நேரம் பார்க்கிறவர் விசில் ஊதினார். "எடுங்கோ அண்ணை, பிந்துது," என்று உள்ளே யாரோ சொன்னார்கள். நான் கையை உள்ளே எடுக்கவில்லை.

அவள் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, ஈரத் தாரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மெல்ல மெல்லத் திரும்பினாள். முன் சில்லு கொஞ்சம் ஆடிற்று. கணேசன் கேனை இறுக்கிப் பிடித்தான். சில்லு நேரானது. காலை மேலே தூக்கிக்கொண்டு என் சன்னலைக் கடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை, ரோட்டைத்தான் பார்த்துப் போனாள்.

மரியதாஸ் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். நான் எடுத்தேன். நேரம் பிந்திவிட்டது என்று சனம் முணுமுணுத்தது. அவளுடைய பின்வெளிச்சம் பால் நிலையப் பக்கம் திரும்பி மறையும்வரை இரண்டாம் கியரிலேயே போனேன்.